மூட்டையும் மதிலும்: கொழும்பின் தடைப் போட்டிகள் பற்றிச் சில நினைவுகள்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுது. வழக்கம்போல வெள்ளவத்தை மரைன் டிரைவ் வழியாக நடந்துகொண்டிருந்தேன். ரயில் பாதையை ஒட்டிய நடைபாதையில் நான்கு இளைஞர்கள் மணல் நிரப்பிய பைகளைத் தோளிலே சுமந்தவாறு குந்துவதும் எழுவதுமாக இருந்தார்கள். காற்று வாங்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நால்வரில் ஒருவன் என் தமக்கையாரின் பேரன் என்பதை அருகே சென்ற பிறகுதான் கண்டுகொண்டேன்.

உடற்பயிற்சி நிலையம் ஒன்று நடத்தவிருக்கும் போட்டிக்காகப் பயிற்சி செய்கிறார்களாம். நால்வர் கொண்ட குழு. நெடுந்தூர ஓட்டம் கிடையாது. பாரம் சுமத்தல், பாரம் இழுத்தல், தடைகளின் கீழே தவழ்தல், மேலே தாண்டுதல் என்று பதினைந்து இருபது நிமிடங்களில் முடிந்துவிடும். விளக்கிச் சொல்லிவிட்டு, "தாத்தா, உங்கட காலத்தில இப்படியெல்லாம் இருந்ததா?" என்று கேட்டான்.

"இருந்தது. நானே ஓடியிருக்கிறேன்" என்றேன். நால்வரும் சிரித்துவிட்டார்கள். எனது தற்போதைய தோற்றத்தைப் பார்க்கும் எவருக்கும் சிரிப்பு வருவது இயல்பே. ஆயினும் அந்தச் சிரிப்புக்கு ஒரு பதில் எழுதவேண்டும் என்று தோன்றியது. இக்கட்டுரை அதுதான்.

இன்று உலகெங்கும் பரவியிருக்கும் இத்தகைய போட்டிகளின் வரலாறு அவ்வளவு நீண்டதல்ல. இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்டனுக்கு அருகே 1987ஆம் ஆண்டு 'டஃப் கை' என்ற பெயரில் சேறும் நீரும் கயிறும் நிறைந்த ஓட்டம் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் 2010இல் 'ஸ்பார்ட்டன் ரேஸ்', 'டஃப் மடர்' ஆகிய இரண்டும் தோன்றின. 2018இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் 'ஹைரொக்ஸ்' போட்டி முதன்முதலாக நடந்தது. எட்டு முறை ஒரு கிலோமீற்றர் ஓட்டம், ஒவ்வொரு ஓட்டத்தின் பின்னரும் ஒரு பலப் பயிற்சி என்பது அதன் அமைப்பு. ஸ்பார்ட்டன் நிறுவனத்தார் பின்னர் 'டெக்கா' என்ற பெயரில் பத்து நிலைகள் கொண்ட போட்டியை உருவாக்கினார்கள். டெக்கா என்றால் கிரேக்க மொழியில் பத்து. அதில் ஒரு வகையில் ஓட்டமே இல்லை. பத்துப் பலப் பயிற்சிகளையும் அடுத்தடுத்து முடிக்கவேண்டும், அவ்வளவுதான்.

பிலிப்பைன்ஸில் 2019இல் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டு விழாவில் தடைப் போட்டிக்குப் பதக்கமே வழங்கப்பட்டது. ஒலிம்பிக் ஐந்திறன் போட்டியில் நூறாண்டுக்கும் மேலாக இடம்பெற்றிருந்த குதிரையேற்றம் 2024 பாரிஸ் விழாவோடு விடைபெற்றுக்கொண்டது. 2028 லொஸ் ஏஞ்சலிஸ் விழாவில் அதன் இடத்தைத் தடைப் போட்டியே பிடிக்கவிருக்கிறது.

ஒலிம்பிக்குக்கு இது முற்றிலும் புதியதல்ல என்பதையும் இங்கு குறிப்பிடவேண்டும். 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், சேன் நதியில், 200 மீற்றர் தடை நீச்சல் என்று ஒரு போட்டி நடந்தது. கம்பத்தில் ஏறி இறங்கி, வரிசையாக நிறுத்தப்பட்ட படகுகளின் மேலாக ஏறிக் கடந்து, இன்னொரு வரிசைப் படகுகளின் அடியால் மூழ்கிச் செல்லவேண்டும். அவுஸ்திரேலியரான பிரெடரிக் லேன் வெற்றி பெற்றார். பிறகு எந்த ஒலிம்பிக்கிலும் அது இடம்பெறவில்லை. கயிறிழுத்தலும் 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கில் இருந்தது என்பதை இன்றைய வாசகர்கள் பலர் அறியமாட்டார்கள்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தவர் ஜோர்ஜ் ஏபேர் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. 1902ஆம் ஆண்டு மே 8ஆம் திகதி கரிபியன் கடலிலுள்ள மார்த்தினிக் தீவில் பெலே எரிமலை வெடித்தது. சென் பியேர் என்ற துறைமுக நகரம் சில நிமிடங்களில் அழிந்தது. ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் மாண்டார்கள். அந்த அனர்த்தத்தின்போது மீட்புப் பணிகளில் பங்குகொண்டவர் ஏபேர். நாடு திரும்பியபின் அவர் வகுத்த உடற்பயிற்சி முறையில் நடத்தல், ஓடுதல், தாண்டுதல், ஏறுதல், தூக்குதல், எறிதல், நீந்துதல் என்று மனிதனுக்கு ஆபத்து வேளையில் தேவைப்படும் செயல்களே இடம்பெற்றன. பிறருக்குப் பயன்படுவதற்காகவே ஒருவன் பலம் பெறவேண்டும் என்பது அவரது கொள்கை. படையினருக்கான தடைப் பயிற்சிக் களங்களிலும், பின்னாளில் பூங்காக்களில் தோன்றிய பயிற்சிப் பாதைகளிலும் அவரது முறையின் செல்வாக்கைக் காணலாம். அவரது கொள்கையை வாசகர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

இலங்கைக்கு வருவோம். கொழும்பு றோயல் கல்லூரியில் 1881இல் மாணவர் படை தொடங்கப்பட்டது முதல், அணிநடையும் தடை தாண்டலும் பெரிய பாடசாலைகளின் வாழ்க்கையில் ஒரு பகுதியாயின. அவை ஆங்கிலேயர் தந்தவை. அவற்றுக்கு நெடுங்காலம் முன்பே இம்மண்ணுக்குச் சொந்தமான பலப் போட்டிகள் இருந்தன. மட்டக்களப்புப் பகுதியில் கண்ணகை வழிபாட்டோடு இணைந்த கொம்பு முறித்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி, இரு சேரியாரும் ஒன்றின் கொம்பு முறியும்வரை இழுப்பார்கள். இதையே சிங்கள மக்கள் 'அங்கெலிய' என்ற பெயரில் பத்தினித் தெய்வ வழிபாட்டோடு இணைத்துச் செய்கிறார்கள். சிலம்பின் தலைவி இரு மொழியினருக்கும் பொதுவானது போலவே அவளுக்கான பலப் போட்டியும் பொதுவாகிவிட்டது.

தமிழகத்தின் தென் மாவட்டங்களில் இளவட்டக்கல் உண்டு. உருண்டையான கல்லைத் தூக்கித் தோளுக்கு மேலாகப் பின்புறம் எறிகின்ற இளைஞனுக்கே பெண் கொடுப்பார்கள் என்பது அங்கு வழங்கும் பேச்சு. எங்களுக்குச் சித்திரைப் புத்தாண்டு உண்டு. வழுக்குமரம், கயிறிழுத்தல், தலையணைச் சமர், சாக்கோட்டம், முட்டி உடைத்தல், யாழ்ப்பாணத்தில் போர்த்தேங்காய் அடித்தல். வழுக்குமரத்தை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கொழுப்புத் தடவிய அந்தக் கமுக மரத்தில் எவனும் தனியாக ஏறிவிட முடியாது. ஒருவன் தோளில் ஒருவன், அவன் தோளில் இன்னொருவன். உச்சியிலுள்ள கொடியைப் பறிப்பவன் ஒருவனே. கீழே நிற்பவனின் தோள்தான் அவனை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

எங்கள் விளையாட்டு வரலாற்றில் உச்சிக்குச் சென்றவர்களின் பெயர்கள் இருக்கின்றன. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடை தாண்டலில் வெள்ளிப் பதக்கம் வென்ற டங்கன் வைற், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற யாழ். மத்திய கல்லூரியின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் ஆகியோரைப் பற்றி நானே பலமுறை எழுதியிருக்கிறேன். கீழே நின்று தோள் கொடுத்தவர்களைப் பற்றி எழுதியதில்லை. அவர்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்துக்கு வந்ததும் இல்லை.

கொழும்பில் அத்தகையோரை 'நாட்டாமை' என்று அழைப்போம். தமிழகத்து வாசகர்கள் இச்சொல்லைக் கேட்டதும் ஆலமரத்தடியில் தீர்ப்புச் சொல்லும் பெரியவரை எண்ணிக்கொள்வார்கள். கொழும்பில் நாட்டாமை என்றால் மூட்டை சுமக்கும் தொழிலாளி. சிங்களத்திலும் அதே சொல்தான். கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கிக்கு 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1885இல் அது கட்டி முடிக்கப்பட்டது. அதன் பிறகு கிழக்குக்கும் மேற்குக்கும் செல்லும் நீராவிக் கப்பல்கள் நிலக்கரிக்காகவும் சரக்குக்காகவும் இங்கே வரிசையில் நின்றன. கரியையும் அரிசியையும் தேயிலைப் பெட்டிகளையும் ஏற்றி இறக்கியவை மனிதத் தோள்கள். கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டி, புளூமெண்டல் பகுதிகளின் சிறு வீடுகளில் அந்தத் தோள்களுக்கு உரியவர்கள் வாழ்ந்தார்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், மலையாளிகள் என்று எல்லோரும் அவர்களில் இருந்தார்கள். கொள்கலன்கள் வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலையைக் குறைத்த பின்னரும், புறக்கோட்டை நாலாம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களில் இன்றளவும் கைவண்டிகளும் நாட்டாமைகளும் உண்டு. மொத்த வியாபாரக் கடையின் ஒடுங்கிய வாசலில், லொறிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடையில், தலையில் மூட்டையோடு ஒரு மனிதர் வழி கேட்டுக் குரல் கொடுத்தபடி செல்வதைப் பார்த்தவர்களுக்குத் தடைப் போட்டி என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் அப்போது வெள்ளவத்தையில் தமக்கையார் வீட்டில் தங்கியிருந்த இளம் செய்தியாளன். எனக்கு இரண்டு நண்பர்கள். ஒருவர் வங்கி லிகிதர், மற்றவர் ஆசிரியர். கொட்டாஞ்சேனையில் ஒரு தேநீர்க் கடையில் எங்களுக்கு நான்காவது நண்பர் ஒருவர் அறிமுகமானார். புறக்கோட்டையில் நாட்டாமையாக வேலை செய்தவரின் மகன். அவரும் அதே தொழில்தான். எங்களைவிட ஐந்து வயது இளையவர். ஒல்லியான தேகம். ஆனால் ஓர் அந்தருக்கு மேற்பட்ட மூட்டையைத் தனியாக முதுகில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறுவார். அந்தர் என்ற அளவை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 112 இறாத்தல், ஏறத்தாழ 51 கிலோ.

1982ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டை அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, கொட்டாஞ்சேனை இளைஞர்கள் சிலர் விளையாட்டுப் போட்டி நடத்தினார்கள். கயிறிழுத்தல், சாக்கோட்டம் ஆகியவற்றோடு நால்வர் குழுக்களுக்கான ஒரு தடைப் போட்டியும் இருந்தது. மணல் மூட்டை ஏற்றிய கைவண்டியை மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இழுக்கவேண்டும். பின்னர் ஆளுக்கொரு மூட்டையைச் சுமந்து தென்னங்குற்றிகளைக் கடக்கவேண்டும். மூட்டையை இறக்கிவிட்டு, தரையில் விரித்துக் கட்டிய மீன்வலையின் அடியால் தவழவேண்டும். இறுதியாகப் பலகையால் அடித்து நிறுத்திய ஏழடி மதில். நால்வரும் அதைத் தாண்டி மறுபுறம் குதித்தால்தான் ஓட்டம் முடிந்ததாகக் கணக்கு. பத்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் புறக்கோட்டை வந்து, அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்து, நாங்கள் மூவரும் இரண்டு வாரம் மாலை வேளைகளில் பயிற்சி எடுத்தோம். நான்காவது நண்பரே எங்கள் ஆசான். மூட்டையைக் கையால் தூக்காதே, முழங்காலை மடக்கி அதன் கீழே உன் உடம்பைக் கொண்டுபோ என்றார். தலையில் சும்மாடு சரியாக இருந்தால் கழுத்து தப்பும் என்றார். அடி எடுத்து வைக்கும்போது மூச்சை அடக்காதே என்றார். மதில் ஏறுவதற்கு அவர் காட்டிய முறை இது. ஒருவர் மதிலில் முதுகைச் சாய்த்து, முழங்காலைச் சற்று மடக்கி, இரு கைகளையும் கோத்துப் படி போலப் பிடிக்கவேண்டும். ஏறுபவர் அந்தக் கையில் ஒரு காலையும் தோளில் மறு காலையும் வைத்து எழவேண்டும். முதலில் ஏறிய இருவர் மதிலின் மேல் குறுக்கே படுத்துக்கொண்டு, கடைசியாக நிற்பவரை இரு கைகளிலும் பிடித்து இழுக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக மதிலின் உச்சியில் ஒரு சாக்கை மடித்துப் போடவேண்டும். பலகை மதிலுக்கு எதற்குச் சாக்கு என்று கேட்டேன். "கொழும்பு மதிலுக்கு மேல கண்ணாடி இருக்கும் அண்ணே. பழகினா எல்லா மதிலுக்கும் பழகணும்" என்றார்.

போட்டியில் ஆறு குழுக்கள். நாங்கள் மூன்றாவதாக வந்தோம். வண்டியிலும் மூட்டையிலும் முன்னணியில் இருந்த எங்கள் குழு பின்தங்கியதற்கு நானே காரணம். மதிலின் உச்சியில் வயிறு அழுந்தக் கிடந்து, அந்தப் பக்கமும் போகாமல் இந்தப் பக்கமும் வராமல் தவித்தேன். கூட்டம் சிரித்தது. முதலிடம் பெற்றவர்கள் புறக்கோட்டை நாட்டாமைகள் நால்வர். இருவர் சிங்களவர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் தமிழர். பரிசு ஒரு பிஸ்கட் ரின். அதைத் திறந்து எல்லாக் குழுக்களுக்கும் பகிர்ந்தார்கள். செய்தியாளன் என்ற முறையில் அதைப் பற்றி நான்கு வரியாவது எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அது செய்தி என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

பதினைந்து மாதங்கள் சென்றன. 1983 யூலை 24ஆம் திகதி இரவு பொரளையில் தொடங்கிய வன்முறை, மறுநாள் திங்கட்கிழமை வெள்ளவத்தைக்கு வந்தது. கறுப்பு யூலையைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. நான் இங்கு சொல்லவிரும்புவது ஒரு மதிலைப் பற்றி மட்டுமே.

அன்று முற்பகலில் காலி வீதிப் பக்கம் புகை எழுந்தது. கடைகள் எரிந்துகொண்டிருந்தன. எங்கள் ஒழுங்கையின் முனையில் கூச்சல் கேட்டது. வீட்டில் தாயார், தமக்கையார், அவரது கணவர், இரண்டு குழந்தைகள், நான். வங்கி நண்பரும் தனது அறையை விட்டு எங்களோடு வந்திருந்தார். முன்வாசலால் வெளியேற வழியில்லை. பின்புறம் ஏழடி உயர மதில். அதன் உச்சியில் உடைந்த கண்ணாடி பதித்திருந்தது. மறுபுறம் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவரின் வீடு. அவர் மதிலின் அந்தப் பக்கம் நின்று, பிள்ளைகளை முதலில் தாருங்கள் என்று தாழ்ந்த குரலில் கூப்பிட்டார்.

நண்பரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சமையலறையில் கிடந்த அரிசிச் சாக்கை எடுத்து அவர் நான்காக மடித்து மதிலின் மேல் வீசினார். பின் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கி, கைகளைக் கோத்தார். நான் முதலில் ஏறி மதிலின் மேல் படுத்துக்கொண்டேன். அன்று எனக்குத் தவிப்பு ஏற்படவில்லை. குழந்தைகள், தமக்கையார், அத்தான் என்று ஒவ்வொருவராக ஏறி மறுபுறம் இறங்கினார்கள். தாயாருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. மகனின் நண்பன் கையில் காலை வைக்க அவர் கூசினார். "அம்மா, கோவில் படி எண்டு நினைச்சு வையுங்கோ" என்றார் நண்பர். கடைசியாக நின்றவர் அவர்தான். மேலே கிடந்த நான் ஒரு கையைப் பிடித்தேன். அத்தான் மறுபுறமிருந்து மீண்டும் ஏறி வந்து மறு கையைப் பிடித்தார். இழுத்தோம். சாக்கையும் மீறிக் கண்ணாடி கிழித்த தழும்பு இன்றும் என் முழங்கையில் இருக்கிறது. நாங்கள் மறுபுறம் குதித்துச் சிறிது நேரத்தில் எங்கள் வீட்டுக் கதவு உடையும் ஓசை கேட்டது.

அந்த ஆசிரியர் வீட்டில் இரண்டு இரவுகள் தங்கியபின் அகதி முகாமுக்குச் சென்றோம். எங்கள் ஆசிரிய நண்பரை அங்கேதான் கண்டோம். பின்னர் அவர் அகதிகளை ஏற்றிச் சென்ற 'லங்கா கல்யாணி' கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார். சில ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்தில் காலமானார். வங்கி நண்பர் ரொறன்ரோவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். மதில் தாண்டிய அந்த இரு குழந்தைகளில் மூத்தவளின் மகன்தான், மரைன் டிரைவில் மணல் மூட்டை சுமந்துகொண்டிருந்தவன். இந்தக் கதை அவனுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அன்றைய நாளைப் பற்றி நாங்கள் பிள்ளைகளிடம் பேசுவதில்லை.

பிரெஞ்சுக்காரர் ஏபேரைப் பற்றி நான் படித்தறிந்தது அதற்குப் பல ஆண்டுகள் பின்னர். பயன்படுவதற்காகவே பலம் என்று அவர் ஓர் எரிமலையின் அழிவைக் கண்ட பின் வகுத்த கொள்கையை, எங்களுக்குக் கொட்டாஞ்சேனை நாட்டாமை ஒருவர் ஒரு பிஸ்கட் ரின்னுக்கான போட்டியை முன்னிட்டுச் சொல்லித் தந்திருந்தார். விளையாட்டு என்று பழகியது விளையாட்டாகவே முடிந்துபோவது ஒரு சமூகத்தின் நல்லகாலம். எங்கள் தலைமுறைக்கு அது வாய்க்கவில்லை. இந்தப் பையன்களுக்கு வாய்க்கவேண்டும் என்பதே எனது பிரார்த்தனை.

கொட்டாஞ்சேனை நண்பர் இன்றும் கொட்டாஞ்சேனையிலேயே இருக்கிறார். முதுகு வலியால் மூட்டைத் தொழிலை விட்டுப் பல வருடங்களாகிவிட்டன. சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்துப் பையன்களின் போட்டி பற்றிச் சொன்னேன்.

"மூட்டை எத்தன கிலோ அண்ணே?" என்று கேட்டார்.

"இருபது" என்றேன்.

"அதுவா? அது என் பேரப்புள்ள வெயிட்டு" என்று சிரித்தார். பிறகு சற்று யோசித்து, "மதில் இருக்கா?" என்றார். மதில் கிடையாது, இடுப்பளவு தடைகள்தான் என்றேன். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை.

"இருக்கோ இல்லையோ, பொடியங்களுக்கு மதில் ஏறப் பழக்கிவிடுங்க அண்ணே. நான் வந்து காட்டுறன்."

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளவத்தைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பையன்கள் நால்வருக்கும் அறிவித்துவிட்டேன். சாக்கு ஒன்றும் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.